காதலும் துப்பும் கொடுங்கனவும்: ஒரு வாசகன் நோக்கு

(வானொலி இலக்கியத் தொடரில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



பழந்தமிழ் இலக்கியம் பற்றியும் நவீன கவிதை பற்றியும் நீங்கள் பல உரைகளைக் கேட்டிருப்பீர்கள். இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் சற்று வேறு விதமானது. வாசிகசாலைகளில் அட்டை கிழிந்து, ஓரம் மடங்கி, கைமாறிக் கைமாறி நைந்துபோகும் புத்தகங்கள் எவை? இலகுவான காதல் நாவல்களும் துப்பறியும் நாவல்களுந்தான். இவற்றோடு இளைஞர் விரும்பி வாசிக்கும் மூன்றாவது வகை ஒன்றும் உண்டு. கொடிய ஆட்சி ஒன்றின் கீழ் நாளைய மனிதர் எவ்வாறு வாழ்வர் எனக் கற்பனை செய்யும் நாவல்கள் அவை. பொன்னுலகைக் காட்டாது இருண்ட உலகைக் காட்டுவதால் அவற்றைக் கொடுங்கனவு நாவல்கள் என்று இங்கு குறிப்பிடுகிறேன். இம்மூன்றையும் பற்றி ஆய்வாளனாக அன்றி, ஒரு வாசகனாகவே என் அபிப்பிராயத்தைச் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் என் குற்றம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ஏறத்தாழப் பத்து ஆண்டுகளுக்கு முன், உயர்தர வகுப்பிலே சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையை நடத்திக்கொண்டிருந்தேன். பின்வாங்கில் இருந்த மாணவி ஒருத்தி குனிந்த தலை நிமிரவில்லை. கிட்டப் போய்ப் பார்த்தால், மேசைக்குக் கீழே ரமணிசந்திரனின் நாவல் ஒன்று. பறித்தேன். “இளங்கோவை விட்டு இந்தக் குப்பையையா வாசிக்கிறாய்?” என்று வகுப்பறிய ஏசினேன். “சேர், அது இரவல் புத்தகம்” என்று மட்டும் சொன்னாள். தவணை முடியும் வரை அதை நான் கொடுக்கவில்லை. அதற்குப் பின் அந்தப் பிள்ளை என் பாடத்தில் வாய் திறக்கவில்லை. கல்லூரி நூலகத்துக்கும் வரவில்லை.

இதைச் செய்த நான் எதை வாசித்து வளர்ந்தவன்? 1990களின் முற்பகுதியில் யாழ்ப்பாணத்திலே மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய்க்குப் பெருந் தட்டுப்பாடு. ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்துச் சிறிதளவு எண்ணெய் விட்டு எரிக்கும் விளக்கின் முன்னே வாசித்த தலைமுறை எங்களுடையது. பாடப் புத்தகத்துக்கென்று தந்த எண்ணெயில் நான் வாசித்தது பழைய துப்பறியும் நாவல்களை. அவற்றுள் ஒன்றுக்கு முன்னட்டையும் இல்லை, கடைசிப் பக்கங்களும் இல்லை. கொலையாளி யாரெனத் தெரியாமலே அதை நான்கு முறை வாசித்தேன். வீட்டுக்கார வக்கீல்தான் கொலைகாரன் என்று நானே முடிவு செய்தேன். 1995இல் ஊரோடு இடம்பெயர்ந்தபோது அப்புத்தகமும் போய்விட்டது. பல ஆண்டுகளின் பின் கொழும்பிலே ஒரு பழைய புத்தகக் கடையில் அதே நாவலின் முழுப் பிரதி கையில் கிடைத்தது. நின்ற நிலையிலேயே கடைசி அத்தியாயத்தைப் புரட்டினேன். வக்கீல் குற்றமற்றவர்! அந்த மனிதரை இத்தனை காலமும் சந்தேகித்தேனே என்று எனக்கு உண்மையாகவே வெட்கமாய் இருந்தது.

காதல் நாவலுக்கு வருவோம். இதன் மீது சுமத்தப்படும் முதற் குற்றச்சாட்டு, எல்லாம் ஒரே வாய்பாடு என்பது. சந்திப்பு, பிணக்கு, பிரிவு, பின் கூடல். ஆனால் தமிழாசிரியன் ஒருவன் இக்குற்றச்சாட்டைச் சொல்லலாமா? நமது அகத்திணை மரபு முழுவதும் வாய்பாடுதானே! தலைவன், தலைவி, தோழி, செவிலி. குறிஞ்சி என்றால் புணர்தல், பாலை என்றால் பிரிதல். பாத்திரங்களுக்குப் பெயர் சூட்டுவதைக்கூடத் தொல்காப்பியம் அனுமதிக்கவில்லை. அத்தனை கட்டுப்பாட்டுக்குள்ளும் புலவர்கள் நூற்றுக்கணக்கில் பாடினார்கள். ஒன்று மற்றதைப் போல் இல்லை. ஆகவே வாய்பாடு குற்றமன்று. அதற்குள் உயிர் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

என்னுடைய முறைப்பாடு வேறு. நமது காதல் நாவல்கள் பலவற்றில் கணக்கு இல்லை. தலைவன் செல்வந்தன், அந்தச் செல்வம் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்பதில்லை. சீதனம் என்ற பேச்சு வந்தாலும் கதாநாயகனின் பெருந்தன்மை அதை ஒரே பக்கத்தில் தீர்த்துவிடுகிறது. அவன் அடித்தால்கூட அது அன்பின் மிகுதி என்று நாயகி பொறுத்துக்கொள்கிறாள். இவ்விடத்தில் எனக்குக் கோபம் வருகிறது. இதே சட்டகத்துக்குள் 1813இல் ஜேன் ஒஸ்டின் எழுதிய ‘பிரைட் அன்ட் பிரெஜுடிஸ்’ நாவலைப் பாருங்கள். அதுவும் சந்திப்பு, பிணக்கு, கூடல்தான். ஆனால் டார்சிக்கு ஆண்டு வருமானம் 10,000 பவுண், பெனற் குடும்பத்துக்கு 2,000 பவுண், அந்தச் சொத்தும் ஆண் வாரிசு இல்லாமையால் தூரத்து உறவினனுக்குப் போகும் என்று எல்லாக் கணக்கும் அங்கே உண்டு. வறுமை வாசலில் நிற்கும்போது ஒருத்தி ‘மாட்டேன்’ என்று சொல்வதால்தான் அந்தக் காதலுக்கு நிறை இருக்கிறது. நமது சகோதரிகள் விரும்பி வாசித்த எழுத்தாளர் லக்ஷ்மிக்கு ‘ஒரு காவிரியைப் போல’ நாவலுக்காக 1984இல் சாகித்திய அக்கடமி விருது கிடைத்தது. பெண்கள் வாசிப்பதெல்லாம் குப்பை என்று எண்ணுவோர் இதையும் நினைவிற் கொள்ள வேண்டும்.

அடுத்தது துப்பறியும் கதை. இவ்வகை 1841இல் அமெரிக்கரான எட்கார் அலன் போ எழுதிய சிறுகதையோடு தொடங்கியது என்பர். 1887இல் ஆதர் கொனன் டொயில் ஷேர்லொக் ஹோம்ஸைப் படைத்தார். 1893இல் அவரே ஹோம்ஸைச் சாகடித்தார், வாசகர் விடவில்லை, பத்து ஆண்டுகளின் பின் உயிர்ப்பிக்க நேர்ந்தது. தமிழிலோ வடுவூர் துரைசாமி ஐயங்கார், ஆரணி குப்புசாமி முதலியார் தொடக்கம் தேவனின் சாம்பு, தமிழ்வாணனின் சங்கர்லால், சுஜாதாவின் கணேஷ் வசந்த் என்று நீண்ட வரிசை.

இக்கதையின் அடிப்படை ஓர் ஒப்பந்தம். தடயங்கள் அனைத்தையும் வாசகனுக்குக் காட்ட வேண்டும். காட்டிய பின்னும் அவனை வெல்ல வேண்டும். 1929இல் ரொனால்ட் நொக்ஸ் என்ற ஆங்கிலப் பாதிரியார் இதற்குப் பத்துக் கட்டளைகளே வகுத்தார். கொலையாளி கதையின் தொடக்கத்திலேயே வந்துவிட வேண்டும் என்பது முதலாவது. நமது மாத நாவல்கள் சில, 90ஆம் பக்கம் வரை யாரோ ஐவரைச் சந்தேகிக்க வைத்துவிட்டு, 91ஆம் பக்கத்தில் முன்பின் தெரியாத ஒருவனைக் கொண்டுவந்து நிறுத்துகின்றன. இது வாசகனை ஏமாற்றுதல். அகதா கிறிஸ்டி 1926இல் எழுதிய ‘ரொஜர் அக்ரொய்ட் கொலை’யின் முடிவு நியாயமானதா என்று அன்று பெரிய விவாதம் எழுந்தது. வாசிக்காதவர்களின் இன்பத்தைக் கெடுக்க நான் விரும்பவில்லை. நியாயமானதே என்பது என் கட்சி.

ஆனால் இவ்வகை நாவலை வெறும் புதிர் விளையாட்டு என்று ஒதுக்க என்னால் முடியவில்லை. ஆங்கிலத் துப்பறியும் நாவலின் பொற்காலம் எனப்படுவது 1920களும் 1930களும். முதலாம் உலகப் போரில் இலட்சக்கணக்கானோர் மடிந்த உடனடிக் காலம் அது. கணக்கில்லாமல் மனிதர் இறந்த பின்னர், ஒரேயொரு மரணத்துக்கு முழுமையான கணக்குச் சொல்லும் கதையை அம்மக்கள் தேடி வாசித்தார்கள். அதன் காரணம் எனக்கு விளங்குகிறது. கிளிநொச்சியில் 2017ஆம் ஆண்டில், காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படங்களை ஏந்தித் தாய்மார் வீதியோரத்தில் அமர்ந்தனர். அவர்களைக் கண்ட பின் ‘யார் செய்தது? என்ன நடந்தது?’ என்ற கேள்வியை இலேசான கேள்வி என்று எவ்வாறு சொல்வேன்? அக்கேள்விக்குக் கடைசிப் பக்கத்திலாவது விடை வரும் என்று வாக்களிக்கும் ஒரே இலக்கிய வகை இதுதான்.

மூன்றாவதாகக் கொடுங்கனவு நாவல். ரஷ்யரான சமியாத்தின் 1920-21 காலப்பகுதியில் எழுதிய ‘நாம்’ இவ்வகைக்கு முன்னோடி. அது அவருடைய நாட்டில் அச்சேற 1988 வரை காத்திருக்க நேர்ந்தது. பின் 1932இல் ஹக்ஸ்லியின் ‘பிரேவ் நியூ வேர்ல்ட்’, 1949இல் ஜோர்ஜ் ஓர்வெல்லின் ‘1984’, 1953இல் ரே பிராட்பரியின் ‘பாரன்ஹீட் 451’, 1985இல் மார்கரெட் அற்வூட்டின் ‘ஹான்ட்மெய்ட்ஸ் டேல்’. தமிழிலே சுஜாதா 1980களில் ஆனந்த விகடனில் எழுதிய ‘என் இனிய இயந்திரா’வை இவ்வரிசையிற் சேர்க்கலாம்.

இந்நூல்களை இலக்கிய விமரிசகர்கள் கனமானவை என்கிறார்கள். முன்னைய இரண்டையும் இலேசானவை என்கிறார்கள். நானும் அப்படியே நம்பியிருந்தேன். இவற்றை ஒன்றன்பின் ஒன்றாக வாசித்தபோதுதான் ஓர் உண்மை தென்பட்டது. இந்தக் கொடிய அரசுகள் முதலில் எதைத் தடைசெய்கின்றன? காதலை! சமியாத்தினின் உலகில் ஆணும் பெண்ணும் சேர்வதற்கு அரசின் சீட்டு வேண்டும். ஹக்ஸ்லியின் உலகில் ஒருவரையே நேசிப்பது அநாகரிகம். ஓர்வெல்லின் வின்ஸ்ரனும் ஜூலியாவும் செய்த பெருங்குற்றம் ஒருவரையொருவர் விரும்பியது. இரண்டாவது தடை, நடந்தது என்ன என்று தேடுவதற்கு. வின்ஸ்ரனின் உத்தியோகமே பழைய பத்திரிகைச் செய்திகளைத் திருத்தி எழுதித் தடயங்களை அழிப்பது. அதாவது, காதல் கதையும் துப்பறியும் கதையும் எந்த இரண்டு உரிமைகளின் மீது நிற்கின்றனவோ, அந்த இரண்டையும் பறித்த உலகமே கொடுங்கனவு உலகம். இலேசானவை என்று நாம் ஒதுக்கியவை இலேசானவை அல்ல.

அதே நாவலில் இன்னொரு செய்தியும் உண்டு. ஜூலியா வேலை செய்வது புனைகதைப் பிரிவில். அங்கே பாமர மக்களுக்கான நாவல்களை இயந்திரங்களே உற்பத்தி செய்கின்றன. இன்று கணினியே கதை எழுதித் தருகிறது என்று என் மாணவர் சொல்லும்போது எனக்கு ஓர்வெல் நினைவுக்கு வருகிறார். அவர் பயந்தது காதல் கதைக்கு அன்று, எவருடைய இதயமும் படாத கதைக்கு.

பிராட்பரியைப் பற்றியும் ஒரு வார்த்தை. தீயணைப்புப் படையினரே புத்தகங்களை எரிக்கும் நாட்டின் கதை அது. 1981ஆம் ஆண்டு எரியூட்டப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன என்பது பதிவு. அப்போது நான் கைக்குழந்தை. அந்நாவலின் முடிவிலே சிலர் ஆளுக்கொரு நூலை மனனஞ் செய்து காட்டில் வாழ்கிறார்கள். மற்ற நாட்டு வாசகர்களுக்கு அது கற்பனை. எனக்கோ, எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரியாமலே திருவாசகத்தைப் பாராமற் சொல்லும் எங்கள் அப்பாச்சியின் ஞாபகம் வந்தது.

இனி அந்த மாணவியிடம் திரும்புவோம். கல்லூரியை விட்டு விலகும் நாளிலே அவளை அழைத்துப் புத்தகத்தைக் கொடுத்தேன். “இதின்ர முடிவு எனக்கு முதலே தெரியும் சேர். அவையள் சேருவினம். எப்பிடிச் சேருகினம் எண்டுதான் வாசிக்க ஆசைப்பட்டனான்” என்றாள். அகப்பாடலை வாசிக்க வேண்டிய முறையும் இதுதான் அல்லவா? நான் இரண்டு ஆண்டு கற்பித்தும் சொல்லாத ஒன்றை அவள் ஒரு வசனத்தில் சொல்லிவிட்டாள். அதிலும் பாருங்கள், அன்று நான் கற்பித்துக்கொண்டிருந்தது வழக்குரை காதை. விசாரியாமல் தண்டித்த பாண்டியனைப் பற்றிப் பேசியவாறே, விசாரியாமல் ஒரு பிள்ளையைத் தண்டித்தேன். சிலம்பை உடைத்து மாணிக்கப் பரலைக் காட்டிய கண்ணகியாவது வாதாடினாள். என் மாணவி வாசிப்பதையே விட்டுவிட்டாள்.

பெற்றோரே, ஆசிரியர்களே, பிள்ளையின் கையில் இருக்கும் கதைப்புத்தகத்தைப் பறிக்க வேண்டாம். ‘என்ன கதை, எதுவரை வாசித்தாய்?’ என்று கேளுங்கள். காதல் கதை வாசிப்பவளுக்கு அடுத்ததாகக் குறுந்தொகையைக் கொடுங்கள். துப்பறியும் கதை வாசிப்பவனுக்கு வழக்குரை காதையைக் கொடுங்கள். அவர்கள் வாசித்துவிட்டு வந்து நம்மிடம் கேள்வி கேட்பார்கள். கேட்கட்டும்.