நெல்லின் ஈரமும் காற்றின் ஈரமும்

(தமிழன்பர் கூட்டமொன்றில் ஆற்றிய பொழிவு)



குறுவை அறுவடையும் வடகிழக்குப் பருவமழையும் ஒன்றையொன்று எதிர்கொள்ளும் மண் நம் காவிரிப் படுகை. களத்தில் நெல்லைக் கொட்டிவிட்டு உழவன் வானத்தைப் பார்க்கிறான். கொள்முதல் நிலையத்தில் ஈரமானி 17 விழுக்காட்டைத் தாண்டினால் அவன் நெல் ஒதுக்கப்படுகிறது. 'காயவைத்துக் கொண்டுவா' என்கின்றனர். காயவைப்பது அவன் கையில் இருக்கிறதா? இதற்கு விடை கூறுவது வெப்பவியக்கவியல் என்னும் அறிவியல்.

நெல்மணி என்பது மாவும் நீரும் பிறவும் சேர்ந்த ஒரு கலவை. காற்றும் நீராவி கலந்த கலவையே. இரண்டும் அடுத்தடுத்து இருக்கும்போது நீர் எப்பக்கம் செல்லும்? எங்கே அதன் வெளியேறும் முனைப்பு மிகுதியோ, அங்கிருந்து குறைந்த இடத்துக்குச் செல்லும். இருபுறமும் முனைப்பு ஒத்துவிட்டால், மேற்கொண்டு கூடுதலுமில்லை, குறைதலுமில்லை. அதுவே சமநிலை. இந்நெறியைக் கலவைகள் அனைத்துக்கும் பொதுவாக நிறுவியவர் அமெரிக்க அறிஞர் வில்லார்டு கிப்சு. அவருடைய பேராய்வு 1876 முதல் 1878 வரை வெளிவந்தது. தவசங்களின் சமநிலை ஈரத்தைக் கணக்கிட எண்டர்சன் 1952-இல் ஒரு சமன்பாடு தந்தார். காற்றின் ஈரமும் வெப்பநிலையும் தெரிந்தால், தவசம் எந்த ஈரத்தில் நிலைகொள்ளும் என்பதை அதனால் கணிக்கலாம்.

அக்கணிப்பு நம் களத்துக்கு என்ன சொல்கிறது? 30 பாகை வெப்பத்தில், காற்றின் ஒப்பீரப்பதம் 70 விழுக்காடானால் நெல்லின் ஈரம் ஏறத்தாழ 13 விழுக்காட்டில் நிற்கும்; 80 ஆனால் 15-ஐ ஒட்டி நிற்கும்; 90 ஆனால் 18-ஐ நெருங்கி நிற்கும். அடைமழை நாளில் காற்று 90-ஐத் தொட்டு நிற்கையில், பத்து நாள் பரப்பிவைத்தாலும் நெல் 17-க்கு இறங்காது. உழவனின் சோம்பல் அன்று, இயற்கையின் நெறி. தார்ப்பாய் போட்டு மூடினால் மழை நனைக்காது, உண்மை. ஆனால் உள்ளே அடைபட்ட காற்று நெல்லின் ஈரத்தாலேயே நிறைந்துவிடும். பிறகு உலர்ச்சி நின்றுபோகும். ஈரநெல் உயிர்ப்பதால் குவியல் சூடேறும்; முளைவிடும், பூஞ்சணம் பிடிக்கும்.

அப்படியாயின் வழி என்ன? சமநிலையை மாற்றுவதே வழி. 25 பாகையில் 90 விழுக்காடு ஒப்பீரப்பதம் உள்ள அதே காற்றை 40 பாகைக்குச் சூடாக்குங்கள். அதிலுள்ள நீராவி ஒரு துளியும் குறையவில்லை. எனினும் ஒப்பீரப்பதம் 39 விழுக்காட்டுக்கு வீழ்ந்துவிடும். அக்காற்று நெல்லின் ஈரத்தை ஈர்த்துக்கொள்ளும். 22 விழுக்காடு ஈரமுள்ள 100 கிலோ நெல்லை 17-க்குக் கொணர, நீக்கவேண்டிய நீர் வெறும் 6 கிலோ! ஆனால் விரைந்து சுட்டுவிடலாகாது. மணி வெடித்து, ஆலையில் நொய்யாகும். இடையிடையே ஆறவிட்டு உலர்த்தவேண்டும்.

இவ்வறிவு நமக்குத் தொலைவில் இல்லை. நெல் பதப்படுத்தும் ஆய்வுக்கென்றே தோன்றி வளர்ந்த நிறுவனம் நம் தஞ்சையிலேயே இருக்கிறது. அறிவு இருந்தும் உலர்த்தும் பொறி களத்துக்கு வராததே குறை. 2022 அக்தோபரில் ஈர வரம்பை 19 வரை தளர்த்த நடுவணரசு இசைந்தது. தளர்வு அவ்வாண்டின் துயரைத் தணித்தது. நெல்லை அது உலர்த்தவில்லை. கொள்முதல் நிலையந்தோறும் உலர்த்தி வேண்டும் என்று கேட்பது இரப்பன்று, உரிமை.

இன்னொன்றும் சொல்வேன். மணியைப் பல்லால் கடித்து, அதன் ஓசையால் ஈரமறிந்தவன் நம் உழவன். 'பதம்' என்பது அவன் சொல். சொல்லைக் குறிக்கும் வடமொழிப் பதம் வேறு. இது உழைப்பில் விளைந்த நம் தமிழ்ப் பதம். ஈரப்பதம் என்று அறிவியல் எழுதும் இடத்திலும் அச்சொல்லே அமர்ந்திருக்கிறது. கிப்சின் நெறியைத் தமிழில் சொல்ல முடியுமா என்று ஐயுறுவோர் இருக்கின்றனர். இவ்வளவு நேரம் நாம் பேசியது எம்மொழியில்?

தன் நெல் ஏன் காயவில்லை என்பதை உழவன் தன் மொழியில் அறிந்துவிட்டால், ஈரமானியின் முன் அவன் தலைகுனிய வேண்டுவதில்லை. அவ்வறிவைக் களத்துமேடுவரை கொண்டுசெல்வது தமிழாசிரியரின் கடமை, தமிழிளைஞரின் கடமை.

வாழ்க உழவு! வெல்க தமிழ்!