வெள்ளை வீடும் தகர வீடும்



இன்று உங்களை ஆப்பிரிக்காக் கண்டத்தின் வடமேற்கு மூலைக்கு அழைத்துச் செல்கிறோம். அங்கே அட்லாண்டிக் மாகடலை ஒட்டி மொரோக்கோ நாடு இருக்கிறது. அதன் தலைநகர் ரபாத். ஆனால் நாட்டிலேயே பெரிய நகரம், தொழிற்சாலைகள் நிறைந்த நகரம், காசாபிளாங்கா. 30 இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் அங்கே வாழ்கிறார்கள். காசாபிளாங்கா என்றால் ஸ்பானிய மொழியில் வெள்ளை வீடு என்று பொருள். அரபு மொழியில் ‘தார் எல் பெய்தா’ என்கிறார்கள். அதற்கும் அதே பொருள்தான். அந்த வெள்ளை வீட்டைப் பார்க்கவே நாங்கள் இருவர் போனோம். ஆனால் திரும்பி வந்தபின் மனத்தில் நின்றவை வேறு வீடுகள்.

எங்களுக்கு வழிகாட்டியாக வாய்த்த நண்பர் அந்த நகரத்திலேயே பிறந்து வளர்ந்தவர். ஐம்பதைக் கடந்தவர். அவருடைய தந்தையார் துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர். நண்பருக்கு அரபு, பிரெஞ்சு, ஆங்கிலம் மூன்றும் நன்றாக வரும். நகரத்தின் பெயரைத் தாங்கிய பழைய ஆங்கிலப் படத்தைப் பற்றிக் கேட்டால் மட்டும் சிரித்துவிடுவார். 1942ல் வெளிவந்த அந்தப் படத்தின் ஒரு காட்சிகூட அங்கே எடுக்கப்படவில்லை. எல்லாம் அமெரிக்காவில் எடுத்தவை.

சிவப்பு வண்ணச் சிறிய டாக்சியில் ஏறினோம். அதில் மூன்று பேருக்குமேல் ஏற்றக்கூடாது. நாங்கள் சரியாக மூன்று பேர். நண்பர் முதலில் கடற்கரைக்குக் கொண்டுபோனார்.

அங்கே நிற்கிறது இரண்டாம் ஹசான் பள்ளிவாசல். 1986ல் வேலை தொடங்கி, 1993ல் திறப்புவிழா கண்டது. அதன் கோபுரம் ஏறத்தாழ 200 மீட்டர் உயரம். அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும். உள்ளே 25,000 பேர் தொழலாம்; கூரையின் நடுப்பகுதி இரண்டாகப் பிரிந்து நகர, வானம் தெரியும். இசுலாமியர் அல்லாதவரும் வழிகாட்டியுடன் உள்ளே சென்று பார்க்க அனுமதி உண்டு. தரையிலும் சுவரிலும் ஆயிரக்கணக்கான கைவினைஞர்களின் உழைப்பு தெரிகிறது. ஒரு பகுதி கடலின் மேலேயே கட்டப்பட்டிருப்பதால் அலை வந்து அடியில் மோதுகிறது. கடல் சும்மா இருக்குமா? சில ஆண்டுகளிலேயே உப்புநீர் கான்கிரீட்டுக்குள் புகுந்து இரும்புக் கம்பிகளை அரிக்கத் தொடங்கிவிட்டது. பிறகு பெரிய அளவில் பழுதுபார்த்தார்கள்.

பள்ளிவாசலின் கட்டுமானச் செலவுக்கு நாடு முழுவதும் மக்களிடம் நன்கொடை திரட்டினார்கள். கொடுத்தவர்களுக்குச் சான்றிதழும் கிடைத்தது. “என் தகப்பனாரும் கூலியிலிருந்து கொடுத்தார். அந்தத் தாள் இன்னமும் வீட்டில் இருக்கிறது” என்றார் நண்பர். அப்போது அவர்கள் வீட்டுக்குக் குழாய்த் தண்ணீர் வரவில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னார். குறையாகச் சொல்லவில்லை. ஒரு கணக்கைச் சொல்வதுபோல் சொன்னார்.

அங்கிருந்து துறைமுகம். இயற்கை இந்த நகரத்துக்குத் துறைமுகத்தைத் தரவில்லை என்பது பலருக்கும் தெரியாது. வெட்டவெளிக் கடல், முரட்டு அலை. முன்பெல்லாம் கப்பல் தொலைவில் நிற்க, சிறு படகுகள்தாம் சரக்கைக் கரை சேர்த்தன. 1907ல் துறைமுகம் கட்டும் வேலை தொடங்கியது. கல் ஏற்றிச்செல்லும் இரயில் பாதையை ஊராரின் கல்லறைத் தோட்டத்தின் வழியே போட்டார்கள். மக்கள் கொதித்தெழுந்தார்கள், ஐரோப்பிய வேலையாட்கள் சிலர் கொல்லப்பட்டனர். உடனே பிரெஞ்சுப் போர்க்கப்பல் ஊரைக் குண்டு வீசித் தாக்கியது. 1912ல் நாட்டின் பெரும்பகுதி பிரெஞ்சு ஆட்சியின் கீழ் போயிற்று. 1956ல்தான் விடுதலை கிடைத்தது.

அந்தத் துறைமுகம் வழியே வெளியே போன பொருள்களில் பெரியது பாஸ்பேட் என்னும் பாறைமண். நகரத்துக்குத் தென்கிழக்கே, கூரிப்கா என்னும் ஊரில், 1921 முதல் அதைத் தோண்டி எடுக்கிறார்கள். உலகில் கண்டறியப்பட்ட பாஸ்பேட்டில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மொரோக்கோவின் கைவசம் உள்ள நிலத்தில்தான் இருக்கிறது. பாஸ்பேட் எதற்கு என்று தோட்டத்தில் உரம் போட்டவர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. செம்பனைக்கும் பால்மரத்துக்கும் வேர் பிடிக்க நாம் அள்ளிப்போடும் உரத்தில் அதுவும் ஒன்று.

கல் சுமக்கவும், பாஸ்பேட் ஏற்றவும், சர்க்கரை ஆலையிலும் சிமெண்டு ஆலையிலும் வேலை செய்யவும் ஆட்கள் தேவைப்பட்டார்கள். வறட்சியில் காய்ந்த கிராமங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்து இறங்கினார்கள். வேலை இருந்தது. வீடு இல்லை. எண்ணெய்த் தகரங்களை வெட்டி, தட்டி நிமிர்த்தி, அதையே சுவராகவும் கூரையாகவும் ஆக்கிக்கொண்டார்கள். பிரெஞ்சு மொழியில் ‘பிடோன்’ என்றால் தகர டப்பா. ‘பிடோன்வில்’ என்றால் தகர டப்பா ஊர். காசாபிளாங்கா போன்ற வட ஆப்பிரிக்க நகரங்களில்தான் இந்தச் சொல் பிறந்து வழக்குக்கு வந்தது. மிகப் பெரிய தகர ஊர் ஒன்று கல் வெட்டும் குவாரியின் பக்கத்தில் முளைத்தது. குவாரிக்குப் பிரெஞ்சில் ‘கரியேர்’ என்று பெயர். அது மக்கள் வாயில் ‘கர்யான்’ ஆகி, இன்று மொரோக்கோவில் எந்தக் குடிசைப் பகுதியையும் கர்யான் என்றே சொல்கிறார்கள்.

“நான் பிறந்த பேட்டையைப் பார்க்கிறீர்களா? சுற்றுலாப் பயணிகள் யாரும் வருவதில்லை” என்று நண்பர் கேட்டார். டிராம் வண்டியில் போனோம். 2012ல் ஓடத் தொடங்கிய வண்டி அது. இறங்கிய இடம் ஹாய் முகம்மதி. பழைய தகர ஊர் இருந்த பேட்டை அதுதான்.

1952 டிசம்பரில் துனீசியாவின் தொழிற்சங்கத் தலைவர் ஃபர்ஹாத் ஹாஷெத் சுட்டுக் கொல்லப்பட்டார். அயல்நாட்டுத் தொழிலாளர் தலைவருக்காக இந்தப் பேட்டைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்து தெருவில் இறங்கினார்கள். துப்பாக்கிச் சூட்டில் பலர் மாண்டனர். நண்பரின் பாட்டனார் அன்று கூட்டத்தில் இருந்தாராம்.

அதே காலத்தில்தான் பிரெஞ்சு அரசு அவர்களுக்கு வீடு கட்டத் தொடங்கியிருந்தது. எக்கோஷார் என்ற நகரமைப்பு அதிகாரி எட்டு மீட்டருக்கு எட்டு மீட்டர் என்று மனைகளை அளந்தார். இரண்டு அறை, நடுவே வானம் பார்த்த முற்றம். பக்கத்திலேயே கேன்டிலிஸ், வுட்ஸ் என்னும் கட்டடக் கலைஞர்கள் மாடிக் குடியிருப்பு ஒன்றை எழுப்பினார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் கிராமத்து முற்றம்போல் ஒரு திறந்த முற்றம், ஆனால் அந்தரத்தில். பெண்கள் வெளியார் பார்வையில் படாமல் இருக்க உயர்ந்த சுவர். பார்ப்பதற்குத் தேன்கூடுபோல் இருந்ததால் ‘தேன்கூடு’ என்றே பெயர் விழுந்தது. கட்டடக் கலை நூல்களில் இன்றும் அதன் படம் வருகிறது.

நாங்கள் போய்ப் பார்த்தபோது தேன்கூட்டைக் காணவில்லை! கட்டடம் இருக்கிறது, முற்றம்தான் இல்லை. எல்லா முற்றத்தையும் சுவர் வைத்து அடைத்து அறையாக்கிவிட்டார்கள். சன்னல் வைத்து, துணி காயப்போட்டிருக்கிறார்கள். எட்டு மீட்டர் மனைகளோ மூன்று நான்கு மாடிகளாக எழுந்து நிற்கின்றன. “வெளிநாட்டு மாணவர்கள் வந்து, எங்கள் ஆட்கள் கெடுத்துவிட்டார்கள் என்று வருந்துகிறார்கள். ஆறு பிள்ளைகளை எங்கே படுக்க வைப்பது? வானத்திலா?” என்று நண்பர் கேட்டார். இதைக் கேட்டதும் நமக்கு லயத்து வீடுகள் நினைவுக்கு வந்தன. லயத்தின் பின்புறத்தில் தகரம் இறக்கி நாம் கட்டிக்கொண்ட சமையல்கட்டை எந்தத் துரை வரைபடத்தில் காட்டினார்?

எல்லாருக்கும் அப்படி வீடு கிடைத்துவிடவில்லை. தகர ஊரின் ஒரு பகுதி அறுபது ஆண்டுகளுக்குமேல் அப்படியே இருந்தது. 2003 மே 16ஆம் நாள் காசாபிளாங்காவில் குண்டுவெடிப்புகள் நிகழ்ந்து பலர் மாண்டனர். குண்டு வைத்த இளைஞர்கள் சீதி மூமன் என்னும் குடிசைப் பகுதியிலிருந்து வந்தவர்கள். மறு ஆண்டே ‘குடிசைகள் இல்லா நகரங்கள்’ என்ற திட்டம் தொடங்கியது. நண்பரின் சின்னம்மாவும் அதில்தான் நகரத்தின் ஓரத்தில் உள்ள புதிய குடியிருப்புக்குப் போனார்.

அந்த ஏற்பாட்டைச் சற்று விளக்கவேண்டும். இரண்டு குடும்பங்களுக்குச் சேர்த்து ஒரு மனை. கட்டுவதற்கு அவர்களிடம் பணம் ஏது? பணமுள்ள மூன்றாம் ஆள் ஒருவர் வந்து நான்கு தளம் கட்டுவார். கட்டி முடிந்ததும் கடை வைக்கத் தகுந்த கீழ்த்தளமும் அடுத்த தளமும் அவருக்கு. மேலே உள்ள இரண்டு தளங்கள், குடும்பத்துக்கு ஒன்று. கையிலிருந்து கட்டுமானச் செலவு இல்லாமல் கல்வீடு கிடைத்துவிடுகிறது. ஆனால் மனையின் பாதிப் பயன் கைமாறிவிடுகிறது. கடனாகவே கொடுத்திருந்தால் கீழ்த்தளத்துக் கடை ஏழைக் குடும்பத்துக்கே ஆகியிருக்குமே என்று எங்களுக்குத் தோன்றியது.

பகிர்ந்து ஏறும் பெரிய டாக்சியில் அவர் வீட்டுக்குப் போனோம். மூன்று மாடி ஏறவேண்டும். சின்னம்மாவுக்கு எழுபது வயது இருக்கும். புதினாத் தழை போட்ட தேநீரைக் கொணர்ந்து, உயரத்திலிருந்து நுரை எழ ஊற்றிக் கொடுத்தார். சர்க்கரை தாராளம்.

நண்பர் குறை சொல்லத் தொடங்கினார். வேலைக்குப் போக இரண்டு வண்டி மாறவேண்டும். அண்டை வீட்டார் ஆளுக்கொரு திசையில் சிதறிப் போனார்கள். ஒரு சாவுச் செய்திகூடத் தொலைபேசியில்தான் வருகிறது. சின்னம்மா குறுக்கிட்டார். அவர் பேசியதை நண்பரே எங்களுக்கு மொழிபெயர்த்தார், சிறிது வெட்கத்தோடு.

“உனக்குச் சிறு வயதிலேயே கல்வீடு கிடைத்துவிட்டது. தகரத்தில் மழை விழும் சத்தம் உனக்கு மறந்துபோயிற்று. மழை வந்தால் நான் இரவெல்லாம் உட்கார்ந்திருப்பேன். இப்போது தூங்குகிறேன்.”

பிறகு எழுந்துபோய்க் குழாயைத் திறந்து காட்டினார். தண்ணீர் வேகமாகக் கொட்டியது. மூடினார்.

நாங்கள் எங்கிருந்து வருகிறோம் என்று விசாரித்தார். பால்மரக் காடுகளைப் பற்றி, முதலாளி கொடுத்த லயங்களைப் பற்றி, நண்பர் வாயிலாகச் சொன்னோம். கேட்டுக்கொண்டே இருந்தவர் ஒன்று கேட்டார்.

“வயதாகி வேலை நின்றுவிட்டால், அந்த வீடு யாருக்கு?”

தோட்டத்துக்கு என்றோம். பலருடைய பெற்றோர் அப்படித்தான் சாமான்களை லாரியில் ஏற்றிக்கொண்டு வெளியேறினார்கள் என்றும் சொன்னோம். அந்த அம்மையார் தம் பெறாமகனைத் திரும்பிப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. எங்கள் குவளைகளில் மறுபடியும் தேநீரை ஊற்றினார். மூன்றாவது குவளை வரை குடிக்காமல் எழக்கூடாது என்று நண்பர் காதோடு சொன்னார். குடித்துவிட்டுத்தான் எழுந்தோம்.