கதவு தட்டிய கேமராக்கள்

2016 அக்டோபர் 21, வெள்ளிக்கிழமை. அமெரிக்காவின் கிழக்குக் கரையோர நகரங்களில் காலையில் கம்ப்யூட்டரைத் திறந்தவர்களுக்கு ட்விட்டர் வரவில்லை, நெட்ஃப்ளிக்ஸும் வரவில்லை.

அந்தத் தளங்களில் கோளாறு எதுவும் இல்லை. அவற்றின் பெயரைச் சொன்னால் முகவரியைக் காட்டும் வேலை அப்போது 'டைன்' என்ற நிறுவனத்துடையது. அதன் வாசலில்தான் நெரிசல். லட்சம் பேர் வந்து நின்று, "இது யார் வீடு?" என்று ஓயாமல் கேட்டால், அழைப்பிதழோடு வந்த விருந்தாளி எப்படி உள்ளே போவார்?

நெரித்தவை பெரும்பாலும் கண்காணிப்பு கேமராக்களும் வீட்டு ரவுட்டர்களும்! 'மிராய்' என்ற நச்சு நிரல் அவற்றைப் பிடித்து வைத்திருந்தது. அது பூட்டை உடைக்கவில்லை. தொழிற்சாலையிலேயே போட்டு அனுப்பும் 'அட்மின்', '12345' போன்ற அறுபது சொச்சம் பாஸ்வேர்டுகளோடு இணையம் முழுக்கக் கதவு தட்டியது. திறந்ததெல்லாம் அடிமை. கேமரா வழக்கம்போலப் படம் பிடிக்கும். உத்தரவு வந்ததும் மற்ற அடிமைகளோடு சேர்ந்து பாயும். இந்தப் படைக்குப் பெயர்தான் பாட்நெட்.

மிராயை எழுதியவர்கள் மூன்று இளைஞர்கள். மைன்கிராஃப்ட் விளையாட்டு சர்வர்களை முடக்கத்தான் முதலில் கிளம்பினார்கள். பிறகு நிரலைப் பொதுவில் போட்டுவிட, வேறு கைகள் அதை எடுத்துக்கொண்டன. மூவருக்கும் 2018-இல் கிடைத்தது சிறையல்ல, 2,500 மணி நேர சமூக சேவையும் 5 ஆண்டு கண்காணிப்பும்.

கருவியை அணைத்துப் போட்டால் மிராய் அழிந்துவிடும். பழைய பாஸ்வேர்டே இருந்தால் சீக்கிரமே திரும்பி வரும். உங்கள் வீட்டு கேமராவின் பாஸ்வேர்டை இன்றைக்கே மாற்றிவிடுங்கள்.