ஏவல் தமிழும் வாழ்த்துத் தமிழும்

(பொங்கல் விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



யான் மேடைப் பேச்சாளன் அல்லேன். கப்பல் பட்டறையில் இரும்பைப் பற்றவைத்துப் பிழைத்தவன். 1994-ஆம் ஆண்டு சிங்கைக்குச் சென்றேன்; 2011-ஆம் ஆண்டின் இறுதியில் ஊர் திரும்பினேன். அந்த 17 ஆண்டுகளில் அயல்மண்ணில் கொண்டாடிய திருநாள்களைப் பற்றியும், அங்குக் கொண்ட நட்பைப் பற்றியும் பேசுமாறு அமைப்பாளர்கள் என்னைப் பணித்தனர். பட்டதைச் சொல்கின்றேன், பிழையிருப்பின் பொறுத்தருளுங்கள்.

பட்டறையில் கால் வைத்த முதற் கிழமையிலேயே மலாய் மொழியில் மூன்று சொற்களைக் கற்றுக்கொண்டேன். ‘அங்காட்’ என்றால் தூக்கு. ‘தூருன்’ என்றால் இறங்கு. ‘செப்பாட்’ என்றால் விரைந்து செய். மூன்றும் ஏவல்! ஒருவன் தன் நாட்டை விட்டுப் பிழைக்கப் போனால் அவன் காதில் முதலில் விழுவது அந்நாட்டின் ஏவற்சொற்களே. அவற்றை மட்டும் அறிந்தவன் அம்மொழியை அறிந்தவன் ஆகான். அம்மொழிக்கு ஏவலாள் மட்டுமே ஆவான். இதனை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இறுதியில் இவ்விடத்திற்கே திரும்பி வருவேன்.

ஏவலைக் கடந்து எனக்கு முதற்சொல் ஈந்தவர், எம் குழுவிற்கு மூத்தவராக இருந்த ஒரு மலாய் நண்பர். என்னைத் ‘தம்பி’ என்றே அழைப்பார். நோன்புப் பெருநாளன்று என்னைத் தம் இல்லத்திற்கு அழைத்திருந்தார். தென்னங்குருத்தோலையைப் பின்னிய கூட்டுக்குள் அரிசியிட்டு அவித்த ‘கெத்துப்பாட்’டை இலை பிரித்து வைத்தார். உண்ணுமுன் அவ்வீட்டு இளையோர் ஒவ்வொருவராகப் பெற்றோர் முன் மண்டியிட்டுக் கைபற்றி ஏதோ சொன்னார்கள். “புறத்தாலும் அகத்தாலும் செய்த பிழைகளைப் பொறுத்தருள்க என்பது அதன் பொருள், எங்கள் பெருநாள் வாழ்த்தே அதுதான்” என்று விளக்கினார். பிறகு அவர் என்னை ஒரு வினா வினவினார். “தம்பி, உன் பெருநாளன்று நான் உனக்கு என்ன சொல்லி வாழ்த்த வேண்டும்?”

தமிழ்ப் பெருமக்களே! அன்று யான் சொன்ன விடையை இங்கே சொல்வதற்கு நாணுகின்றேன். “ஏப்பி பொங்கல்” என்றேன். அவர் புன்னகை செய்தார். “முதற்சொல் ஆங்கிலம். ஆங்கிலம் எனக்கும் தெரியும். உன் தாய் உனக்கு என்ன சொல்லுவாள்?” என்றார்.

ஈராயிரம் ஆண்டு இலக்கியம் உடைய மொழிக்கு உரியவன், ஒரு வாழ்த்துச் சொல்லுக்கு நாவற்று நின்றேன். என் ஊரில் எவரும் என்னை இவ்வாறு வினவியதில்லை. அயலார் ஒருவர் என்பால் அன்பு கொண்டு, என்னுடையது எதுவோ அதனைத் தமக்குத் தருமாறு கேட்டபோதுதான், என் கை வெறுங்கையாக இருந்ததை யான் அறிந்தேன்.

“பொங்கல் வாழ்த்து” என்று சொல்லிக் கொடுத்தேன். அந்தத் தைத்திங்கள் முதல் நாள் காலையில், பட்டறை வாயிலில் எனக்காகக் காத்திருந்து, “பொங்கல் வால்த்து, தம்பி” என்றார். ழகரம் அவர் நாவில் லகரமாயிற்று. அதற்கு நகைக்கும் தகுதி நமக்கில்லை. ‘தமிழ்’ என்னும் பெயரையே ‘தமில்’ என்பார் நம்மிடையே எத்தனை பேர்! மற்றொரு நாள் அவரே, “கப்பலை நாங்கள் ‘காப்பால்’ என்போம், கடையைக் ‘கெடாய்’ என்போம், பெட்டியைப் ‘பெத்தி’ என்போம்” என்று சொன்னார். மூன்றும் நம் முன்னோர் கடல் கடந்து கொண்டுசென்ற சொற்கள். வாங்கியவர் அவற்றைத் தம் வீட்டுச் சொல்லாக்கிக் காத்திருக்கின்றார். கொடுத்தவர் வழிவந்த யானோ வாழ்த்துச் சொல்லைத் தொலைத்துவிட்டுப் போய் நின்றேன்.

சிங்கையில் பொங்கல் நாள் அரசு விடுமுறை அன்று. பகலெல்லாம் வேலை. மாலையில் சிராங்கூன் சாலைக்குச் சென்று கரும்பும் மஞ்சட் கொத்தும் வாங்கி வந்து, விடுதிச் சமையற்கூடத்தில் பொங்கலிடுவோம். வெவ்வேறு ஊரார், வெவ்வேறு சாதியார், வெவ்வேறு சமயத்தார் ஒரு பானையைச் சுற்றி நிற்போம். இஃது அந்நாட்டிற்குப் புதிதன்று. திருவாரூரில் பிறந்து சிங்கை சென்ற தமிழவேள் கோ. சாரங்கபாணி அவர்கள், 1935-இல் தொடங்கப்பட்ட ‘தமிழ் முரசு’ வாயிலாக மொழியுணர்வு ஊட்டினார். 1952-இல் பொங்கலைத் ‘தமிழர் திருநாள்’ என்னும் பொதுவிழாவாக அங்கே எடுத்தார். சாதியும் சமயமும் பிரித்து வைத்த மக்களை ஒரு மொழியின் பெயரால், ஓர் அறுவடை நாளின் பெயரால், ஓரிடத்தில் கூட்டுவதே அவர்தம் நோக்கம். எங்கள் விடுதிப் பானையில் பொங்கியது அவர் ஏற்றிய அடுப்பின் தொடர்ச்சியே.

அதே 1952-ஐ எனக்கு மறவாமல் நினைவூட்டிய மற்றொரு நண்பர், என் அறைத்தோழரான வங்கநாட்டு இளைஞர். பிப்பிரவரி 21-ஆம் நாள் விடியற்காலையில், அட்டையால் செய்த சிறு நினைவுத்தூண் ஒன்றின் முன் அவரும் அவர்தம் தோழரும் வெறுங்காலோடு நின்று மலர் வைத்தனர். 1952-இல் அந்நாளில் தாக்காவில் வங்கமொழி உரிமைக்காகப் போராடிய மாணவர்கள் துப்பாக்கிக் குண்டுக்கு இரையாயினர். அந்நாளையே 1999-இல் யுனெசுகோ உலகத் தாய்மொழி நாளாக அறிவித்தது. “உங்கள் மொழிக்காக எவரேனும் உயிர் நீத்ததுண்டா?” என்று அவர் கேட்டார். இம்முறை யான் நாவற்று நிற்கவில்லை. 1939-இல் சிறைப்பட்டு மாண்ட நடராசனையும் தாளமுத்துவையும் பற்றிச் சொன்னேன். 1965-ஆம் ஆண்டின் மாணவர் போராட்டத்தைச் சொன்னேன். கேட்டு முடித்த அவர், எஞ்சிய மலரை என் கையில் தந்து, “இது உங்களவர்க்கு” என்றார். ஒரு தூணின் அடியில் இரு மொழியின் மறவர்க்கும் மலர் வைத்தோம். தன் மொழியை உயிராக மதிப்பவனே பிறன் மொழியையும் மதிக்க அறிவான் என்பதற்கு எனக்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

மூன்றாமவர் ஒரு சீன நண்பர். அவர்தம் புத்தாண்டின் இரண்டாம் நாள் அவர் இல்லத்திற்குச் செல்வேன். இரண்டு கிச்சிலிப் பழங்களை இருகையாலும் ஏந்திக் கொடுத்தல் அவர்கள் மரபு. அவர்களும் இரண்டு பழங்களைத் திருப்பித் தருவர். அவ்வீட்டு முதியவளுக்கு ஓக்கியன் என்னும் சீனக் கிளைமொழி ஒன்றே தெரியும். 1979-இல் அரசு தொடங்கிய மாண்டரின் இயக்கத்திற்குப் பின் வளர்ந்த பேரப்பிள்ளைகளுக்கோ மாண்டரினும் ஆங்கிலமும்தாம் தெரியும். பாட்டி ஏதோ சொல்லுவாள். பிள்ளைகள் புன்னகை செய்வர். நண்பர் இடையில் நின்று மொழிபெயர்ப்பார். ஒரு நாள் என்னைத் தனியே அழைத்து, “என் தாயும் என் மகனும் ஒரே மேசையில் உண்கின்றனர், ஆனால் நான் எழுந்து போய்விட்டால் அவர்களுக்குப் பேச்சில்லை” என்றார். அவர் கண் கலங்கியதை யான் கண்டேன்.

1965-ஆம் ஆண்டுச் சட்டப்படி சிங்கையின் நான்கு ஆட்சிமொழிகளுள் தமிழும் ஒன்று. அந்நாட்டுப் பணத்தாளில் தமிழ் உண்டு. தொடர்வண்டி நிலையப் பெயர்ப்பலகையில் தமிழ் உண்டு. ஆயினும் 2020-ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி, இல்லத்தில் மிகுதியாகப் பேசும் மொழி ஆங்கிலம் என்றவர் 48.3 விழுக்காட்டினர், தமிழ் என்றவர் 2.5 விழுக்காட்டினரே. சீனக் கிளைமொழிகள் 2010-இல் 14.3 விழுக்காடாக இருந்து 2020-இல் 8.7 ஆகத் தேய்ந்தன. அரசு மொழிக்கு அரியணை தரலாம். அடுப்படியில் அதற்கு இடம் தரவேண்டியவர் நாமே!

இவ்வளவும் கற்றுக்கொண்டு 2011-இன் இறுதியில் ஊர் வந்தேன். 2012-ஆம் ஆண்டுப் பொங்கல், பல்லாண்டுக்குப் பின் என் வீட்டு முற்றத்தில் யான் காணவிருந்த பொங்கல். விடியலில் எழுந்து வாயிலுக்கு வந்தேன். என் மகள், பதினான்கு அகவையள், பானையும் கரும்பும் வரைந்து அழகிய கோலம் இட்டிருந்தாள். கோலத்தின் நடுவே, ஆங்கில எழுத்தில், யான் மலாய் நண்பரிடம் சொல்லி நாணிய அதே இரண்டு சொற்கள்!

சினம் எழவில்லை. எவர்மேல் சினப்பது? அவள் வளர்ந்த ஆண்டுகளில் யான் இங்கில்லை. தொலைப்பேசியில் யானும் அவ்வாறே பலகால் வாழ்த்தியிருக்கின்றேன். அவளை அருகில் அமர்த்தி மலாய் நண்பரின் வினாவைச் சொன்னேன். சீன முதியவளைப் பற்றியும் சொன்னேன். அவள் ஒன்றும் பேசவில்லை. அக்கோலத்தை யான் அழிக்கவும் இல்லை. அடுத்த ஆண்டு விடியலில் வாயிலில் ‘பொங்கல் வாழ்த்து’ என்று தமிழெழுத்து இருந்தது. ழகரத்தைச் செம்மண்ணால் பெரிதாக எழுதியிருந்தாள்.

பெருமக்களே! என் வீட்டு நிகழ்ச்சியோடு முடித்திருந்தால் நீங்கள் கைதட்டுவீர்கள், யானும் அமர்ந்துவிடுவேன். ஆயின் இன்னும் ஒன்று உண்டு. அது கைதட்டலுக்கு உரியதன்று. எண்ணிப் பார்த்தற்கு உரியது.

நம் ஊர் அரிசி ஆலையில் அசாம் நாட்டு இளைஞர் மூவர் மூட்டை சுமக்கின்றனர். வந்து இரண்டாண்டு கடந்துவிட்டது. “இவர்கள் தமிழ் கற்பதே இல்லை” என்று நம்மவர் குறைசொல்லக் கேட்டிருக்கின்றேன்; யானும் சொன்னதுண்டு. ஒரு நாள் அவருள் ஒருவனை நிறுத்தி, “உனக்கு என்னென்ன தமிழ்ச்சொல் தெரியும்?” என்று கேட்டேன். விரல் மடக்கிச் சொன்னான்: “வா, போ, எடு, தூக்கு, இறக்கு, ஓடு.”

ஏவல்! அத்தனையும் ஏவல்வினை! ‘அங்காட், தூருன், செப்பாட்’ என்று யான் கற்ற அதே பாடம்! உலகின் மூத்த மொழி என்று நாம் மார்தட்டும் மொழியிலிருந்து, நம்மை அண்டிவந்த உழைப்பாளிக்கு நாம் ஈந்தது இவ்வளவே. மற்ற வேளையில் நாமே அரைகுறை இந்தியில் அவனிடம் பேசுகின்றோம். பேசிவிட்டு, அவன் தமிழ் கற்கவில்லை என்று நோகின்றோம். கற்றுக்கொடாத குற்றம் எவருடையது?

சென்ற ஆண்டுப் பொங்கலுக்கு அம்மூவரையும் என் இல்லத்திற்கு அழைத்தேன். மலாய் நண்பர் என்னிடம் வினவியதையே யானும் வினவினேன்: “உங்கள் மொழியில் இந்நாளுக்கு என்ன பெயர்?” அவர்கள் முகம் மலர்ந்தது. ‘மாக் பிகு’ என்றனர். அதுவும் தைத்திங்களின் தொடக்கத்தில் வரும் அறுவடைத் திருநாளே. முன்னிரவில் ஊர்கூடி விருந்துண்பராம். விடியலில் ‘மேசி’ என்னும் தீ வளர்ப்பராம். அரிசிமாவில் எள்ளும் வெல்லமும் வைத்துப் ‘பித்தா’ சுடுவராம். அரிசி, வெல்லம், விடியல், தீ! நம் போகியும் பொங்கலும் அவர்கள் முற்றத்திலும் இருக்கின்றன. அன்று அவர்களுக்கு யான் கற்பித்த முதற்சொல் ‘பொங்கல் வாழ்த்து’, அடுத்த சொல் ‘நன்றி’, அதற்கடுத்தது ‘சாப்பிட்டீர்களா?’ என்னும் வினா. ஏவல் இல்லாத மூன்று தமிழ்! இவ்வாண்டுப் பொங்கலன்று அவர்களே எள்ளும் வெல்லமும் வாங்கிப் பித்தா சுட்டு எடுத்துக்கொண்டு வாயிலுக்கு வந்து, “பொங்கல் வாழ்த்து, அண்ணா” என்றனர். என் மகள் நகைத்துக்கொண்டே வாங்கி வைத்தாள்.

நம் மண்ணில் நம் மொழி தலைநிமிர்ந்து நிற்றல் வேண்டும் என்பதில் யான் எவர்க்கும் பின்னடைந்தவன் அல்லேன். அம்மொழியை அயலார் மதித்தல் வேண்டுமாயின், முதலில் அதனை நாம் வாயால் வழங்குதல் வேண்டும். அடுத்து, வந்தவர்க்கு அன்போடு வழங்குதல் வேண்டும். அயல்மண்ணில் மூன்று நண்பர்கள் எனக்குத் தந்தவை இவ்விரு பாடங்களே.

ஆகலின் உங்களை வேண்டுவது இதுதான். அடுத்த பொங்கலில் உங்கள் வாயிற்கோலத்தில் தமிழெழுத்து இருக்கட்டும். உங்கள் தெருவில் உழைக்கும் அயலார் ஒருவர்க்கேனும் ஓர் இலை போடுங்கள். அந்த இலையில் சோற்றோடு சேர்த்து ஏவல் அல்லாத ஒரு தமிழ்ச்சொல்லையும் பரிமாறுங்கள். அவர் ஊர் திரும்பும்போது அச்சொல் அவரோடு போகட்டும்.

வாழ்க தமிழ்!