நான்கு அண்டை வீட்டாரும் ஒரு சொட்டுத் தண்ணீரும்

(நம் சங்கக் கூடத்தில், சிறுவர்களுக்கான கோடைக்காலக் கணினி வகுப்பின் நிறைவு நாளன்று பேசியது)



கைபேசித் திரையைத் தொட்டால் தண்ணீரைப் போல அலை விரிவதைப் பார்த்திருப்பீர்கள். 2010-இல் ஆண்ட்ராய்டு 2.1 வந்தபோது, இலைகள் மிதக்கும் நீர்ப்பரப்பு ஒன்று பின்னணிப் படமாக வந்தது. விரல் வைத்தால் வட்டம் வட்டமாக அலை கிளம்பும். "அந்த வட்டத்தை எப்படி அங்கிள் வரையறாங்க?" என்று வகுப்பில் ஒரு சிறுமி கேட்டாள். வட்டத்தை யாரும் வரைவதில்லை என்பதுதான் பதில்.

திரையை ஒரு புள்ளிக் கோலமாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு புள்ளியிலும் ஓர் எண். அதுதான் அந்த இடத்தில் தண்ணீரின் உயரம். அசையாத நீரில் எல்லாமே 0. விரல் பட்ட இடத்தில் மட்டும் 64 என்று எழுதுங்கள். இனி எல்லாப் புள்ளிகளுக்கும் ஒரே விதி: மேல், கீழ், இடம், வலம் என நான்கு அண்டை வீட்டாரின் எண்களைக் கூட்டிப் பாதியாக்க வேண்டும். அதிலிருந்து, போன முறை தன்னிடம் இருந்த எண்ணைக் கழிக்க வேண்டும். கிடைப்பதில் 32-இல் ஒரு பங்கைக் குறைக்க வேண்டும்.

முதல் சுற்றில் நான்கு அண்டைப் புள்ளிகளுக்கும் 31 வரும். நடுப்புள்ளி 0 ஆகும். அடுத்த சுற்றில் நான்கு 31-ஐக் கூட்டினால் 124, அதில் பாதி 62. போன முறை இருந்த 64-ஐக் கழித்தால் -2. நடுவில் நீர் பள்ளமாகிவிட்டது, அலை வெளியே நகர்ந்துவிட்டது. கட்டம் போட்ட நோட்டில் பிள்ளைகள் இதைப் போட்டே பார்க்கலாம்.

இந்தக் கணக்குக்கு இரண்டு பலகைகள் வேண்டும். இப்போதைய எண்களின் மேலேயே புதியதை எழுதினால், பாதி அண்டை வீட்டார் பழையவராகவும் பாதி புதியவராகவும் இருப்பார்கள். அலை ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும். அந்த 32-இல் ஒரு பங்கை விட்டுவிட்டாலோ, அலை ஓரங்களில் மோதித் திரும்பிக்கொண்டே இருக்கும், அடங்கவே அடங்காது.

தண்ணீராகத் தெரிய வைப்பது கடைசி வேலை. வாளியின் அடியில் கிடக்கும் காசு, தண்ணீர் அசைந்தால் இடம் மாறித் தெரிகிறதல்லவா? அதேபோல, இடப் புள்ளிக்கும் வலப் புள்ளிக்கும் உள்ள உயர வித்தியாசத்தைப் பார்த்து, அடியில் உள்ள படத்தைச் சற்றே தள்ளிக் காட்டினால் போதும்.

1080-க்கு 2400 திரையில் சுமார் 26 லட்சம் புள்ளிகள். வினாடிக்கு 60 முறை கணக்கிட்டால் 15 கோடிக்கு மேல். நீளத்திலும் அகலத்திலும் கால் பங்காகக் குறைத்தால் வேலை 16-இல் ஒன்றாகிவிடும். கண்ணுக்கு அவ்வளவாக வித்தியாசம் தெரியாது.

இதெல்லாம் தெரிந்தும் நான் ஒன்றைக் கோட்டைவிட்டேன். என் முதல் செயலியை அப்பாவின் கைபேசியில் போட்டுக் கொடுத்தேன். நீர் அடங்கிய பிறகும், அவர் வேறு செயலிக்குப் போன பிறகும், அது உள்ளே கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தது. கண் பரிசோதனைக்குப் போனவர், சார்ஜ் தீர்ந்து எங்களை அழைக்க முடியாமல், மருந்து விட்ட கண்ணோடு ஒரு மணி நேரம் வாசலில் நின்றார். அன்றிரவு நான் சேர்த்தவை இரண்டே வரிகள்: எல்லாப் புள்ளிகளும் 0 ஆனால் நிறுத்து; திரையில் தெரியவில்லை என்றால் நிறுத்து.

பிள்ளைகளே, அலையைக் கிளப்புவது எளிது. அது எப்போது ஓய வேண்டும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.