தலைக்குள் இருப்பது எழுத்தா, சுரப்பியா?



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் தலைக்குள் இருக்கிற ஒரு சிறு சுரப்பியைப் பற்றியதாகும். அதற்குப் பிட்யூட்டரி என்று பெயர். இது டாக்டர்கள் சங்கதி அல்லவா, பொதுக் கூட்டத்தில் இதைப் பேசுவானேன் என்று சிலர் கேட்கக்கூடும். ஒருவன் அளவுக்கு மிஞ்சி வளர்ந்தாலும், வளராமல் குள்ளனாய் நின்றாலும், ஒரு பெண்ணுக்குப் பிள்ளை பிறக்காவிட்டாலும், பெற்றவளுக்குப் பால் சுரக்காவிட்டாலும், நம் மக்கள் "எல்லாம் தலையெழுத்து" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். ஆகையால்தான் அந்தத் தலைக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டியதாயிருக்கிறது.

மண்டை ஓட்டின்மேல் கோணல் மாணலாய்ச் சில கோடுகள் தெரியும். அவற்றைக் காட்டி, "இதுதான் பிரமன் எழுதியது" என்று சொல்லுவார்கள். அவை மண்டையின் எலும்புகள் ஒன்றோடொன்று கூடும் பொருத்துகளே தவிர வேறல்ல. அந்த "எழுத்து" ராஜாவுக்கும் உண்டு, தோட்டிக்கும் உண்டு, நாய்க்கும் உண்டு. நிற்க.

இனி உள்ளே போவோம். இரண்டு கண்களுக்கும் பின்னால், மண்டையின் அடித்தளத்தின் நடுமத்தியில் ஓர் எலும்பு இருக்கிறது. அதன் மேற்புறம் குதிரைச் சேணம்போல் குழிந்திருப்பதால் அந்த இடத்துக்குத் துருக்கிச் சேணம் என்று பெயரிட்டார்கள். அந்தக் குழியில் ஒரு பட்டாணி அளவில் உட்கார்ந்திருப்பதே பிட்யூட்டரி. குறுக்களவு சுமார் 13 மில்லி மீட்டர். உயரம் சுமார் 6 மில்லி மீட்டர். எடை ஏறக்குறைய அரை கிராம். குழிக்கு மேலே சவ்வினால் ஆன ஒரு மூடி. மூடியின் நடுவில் ஒரு துவாரம். அதன் வழியே ஒரு காம்பு மேலேறி மூளையின் ஹைப்போதலாமஸ் என்ற பாகத்தோடு சேருகிறது.

சுரப்பிக்கு இரண்டு கூறுகள் உண்டு. கருவில் பின் கூறு மூளையிலிருந்து கீழிறங்குகிறது. முன் கூறோ வாயின் மேற்கூரையிலிருந்து பை போல் கிளம்பி மேலேறுகிறது. இந்தப் பையை 1838-ல் ராத்கே என்ற ஜெர்மானியர் விவரித்தார். முன் கூறு வளர்ச்சிக்கும், பாலுக்கும், சினைப்பை மாதிரியான இனவிருத்தி உறுப்புகளின் ஒழுங்குக்கும், கழுத்திலுள்ள தைராய்டுக்கும், சிறுநீரகத்தின்மேல் உள்ள அட்ரீனலுக்கும் வேண்டிய சரக்கை ரத்தத்தில் விடுகிறது. பின் கூறு எதையும் தயாரிப்பதில்லை. உடம்பில் தண்ணீரை மிச்சப்படுத்துவது ஒன்று, பிரசவத்தில் கருப்பையைச் சுருங்கச் செய்வது ஒன்று, ஆக மேலிருந்து வரும் இரண்டு சரக்குகளை வைத்திருந்து வேண்டியபோது விடுகிறது. சிலர் இதைச் சுரப்பிகளின் ராஜா என்பார்கள். அந்த ராஜாவுக்கும் மேலே ஹைப்போதலாமஸ் உத்தரவு போடுகிறது. கீழேயுள்ள சுரப்பிகளின் சரக்கு ரத்தத்தில் மிஞ்சினால் ராஜா தானே வாயை மூடிக்கொள்கிறார்!

வீட்டுப் பத்திரத்தில் எல்லை எழுதுவதுபோல் இதற்கும் எல்லை எழுதலாம். மேலே, இரு கண்களின் நரம்புகளும் கூடிக் குறுக்கே மாறும் சந்திப்பு. இரண்டு பக்கங்களிலும், ரத்தம் தேங்கி ஓடும் இரண்டு அறைகள்; அவற்றுக்குள் மூளைக்குப் போகும் பெரிய ரத்தக் குழாயும், கண்ணை உருட்டும் நரம்புகளும், முகத்துக்கு உணர்ச்சி தரும் நரம்புகளும் செல்லுகின்றன. கீழே, மூக்கோடு தொடர்புள்ள ஒரு காற்றறை.

இந்த எல்லையைத் தெரிந்துகொண்டால் நோயின் கூத்து விளங்கிவிடும். சுரப்பியில் ஒரு கட்டி வளர்ந்து மேலே முட்டினால் கண் நரம்புச் சந்திப்பு நசுங்குகிறது. அங்கே குறுக்கே மாறும் இழைகள் இரண்டு ஓரங்களின் காட்சியைக் கொண்டுபோகிறவை. ஆகவே அவனுக்கு நேரே இருப்பது தெரியும். வலது ஓரத்திலும் இடது ஓரத்திலும் வருவது தெரியாது. நிலைப்படியில் இடித்துக்கொள்ளுவான், பக்கத்தில் வரும் வண்டியைக் காணமாட்டான். இதற்குக் கண்ணேறு கழித்து என்ன பயன்? கட்டி பக்கவாட்டில் முட்டினால் இமை தொங்கும், ஒன்று இரண்டாய்த் தெரியும். கீழே காற்றறை இருப்பதோ மனிதனுக்கு நல்லதாய்ப் போயிற்று. 1907-ல் ஆஸ்திரியாவில் ஷ்லோஃபர் என்ற டாக்டர் மூக்கின் வழியாகவே புகுந்து இந்தக் கட்டியை எடுத்தார். இன்று மூக்குத் துவாரத்தில் சிறு குழாய்க் கருவியை விட்டு, மண்டையைப் பிளக்காமலே பெரும்பாலான கட்டிகளை எடுக்கிறார்கள்.

அயர்லாந்தில் 1761-ல் பிறந்த சார்லஸ் பைர்ன் என்பவன் ஏழரை அடிக்கு மேல் வளர்ந்தான். லண்டனில் அவனைக் காசு கொடுத்து வேடிக்கை பார்த்தார்கள். 1783-ல், 22 வயதில் செத்தான். தன் உடலை டாக்டர்கள் அறுக்கக் கூடாது, கடலில் போட வேண்டும் என்று அவன் கேட்டுக்கொண்டதாகச் சொல்லப்படுகிறது. ஆயினும் ஜான் ஹண்டர் அந்த உடலைக் கைப்பற்றி எலும்புக்கூடாக்கிக் காட்சிக்கு வைத்தார். 1909-ல் குஷிங் என்ற அமெரிக்க டாக்டர் அந்த மண்டையைத் திறந்து பார்த்தபோது, சுரப்பி உட்காரும் குழி பெரிதாய் விரிந்திருந்தது. எழுத்து ஒன்றும் இல்லை! 2011-ல் அவன் பல்லை ஆராய்ந்து, பரம்பரையாய் வரும் ஒரு மாறுதலே காரணம் என்றும் கண்டார்கள். 2023-ல் அந்தக் காட்சிசாலை மறுபடி திறந்தபோது அவன் எலும்புக்கூடு காட்சியில் வைக்கப்படவில்லை. அதுவே நியாயம். அறிவின் பேரால் செய்தாலும் ஓர் ஏழையின் சொல்லை மிதிப்பது அநியாயந்தான்.

தாய்மார்களே! இது உங்களையே முக்கியமாய்ப் பொறுத்த விஷயம். இந்தச் சுரப்பியில் பால் சுரக்க வைக்கும் பாகத்தில் சிறு கட்டி உண்டானால், பிள்ளை பெறாதவளுக்கும் மார்பில் பால் கசியும், மாதவிலக்கு நிற்கும், கர்ப்பம் தரிக்காது. அவளை மலடி என்று பெயரிட்டு, அரச மரத்தைச் சுற்ற விட்டு, புருஷனுக்கு வேறு பெண் பார்க்கிறார்கள். அனேகருக்கு இது மாத்திரையிலேயே அடங்கிவிடும். பிள்ளையில்லாமைக்கெல்லாம் இதுவே காரணம் என்று நாம் சொல்ல வரவில்லை. குறை புருஷனிடம் இருப்பதும் உண்டு.

மற்றொன்று. கர்ப்ப காலத்தில் இந்தச் சுரப்பி பெருத்துவிடுகிறது. பிரசவத்தில் ரத்தம் மிகுதியாய்ப் போய்விட்டால், ரத்தம் எட்டாமல் சுரப்பி பட்டுப்போகும். 1937-ல் ஷீஹன் என்ற ஆங்கில டாக்டர் இதை விளக்கினார். அந்தத் தாய்க்குப் பால் வராது, விலக்கு திரும்பாது, முடி உதிரும், எப்போதும் சோர்வு. ஊரார் "சோம்பேறி" என்பார்கள், அல்லது "பேய்" என்பார்கள். கண்ணாடி விரியன் கடித்துப் பிழைத்தவர்களில் சிலருக்கும் இதே கதி வருகிறதென்று இந்தியாவிலும் பர்மாவிலும் டாக்டர்கள் கண்டிருக்கிறார்கள். அதை நாக தோஷம் என்று பாலூற்றக் கிளம்பினால், ஒரு சாதாரணக் காய்ச்சலிலேயே உயிர் போகலாம். ரத்தத்தைச் சோதித்து, குறைந்த சரக்கை மாத்திரையாகக் கொடுத்தால் அவள் எழுந்து நடமாடுவாள்.

ஆகவே தோழர்களே, நாம் கேட்டுக்கொள்வது இவ்வளவுதான். பிரசவத்தில் பெருரத்தம் போனவள், விரியன் கடித்துப் பிழைத்தவன், ஓரப் பார்வை மங்கினவன், செருப்பும் மோதிரமும் வர வரச் சிறுத்துப்போகிறதென்று சொல்லும் வயது வந்தவன், இவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால் பூசாரியிடமோ ஜோசியரிடமோ போகாமல் சர்க்கார் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். நடந்ததை ஒளிக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். நாம் சொன்னதையும் அவரிடமே கேட்டுச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். தலையெழுத்து என்று சொல்லிவிட்டால் கேள்வி அங்கேயே நின்றுபோகிறது. சுரப்பி என்று தெரிந்தால் வைத்தியம் ஆரம்பமாகிறது.