பாட்டியிடமும் கேளுங்கள்

 

இன்று ஒரு பாட்டியைப் பற்றிப் பேசப் போகிறேன். நான் செய்த ஒரு தவறையும் சொல்லப் போகிறேன்.

2018 ஆகஸ்ட் மாதம் கேரளத்தில் பெருமழை பெய்தது. ஆறுகள் பெருகின. இடுக்கி அணை நிரம்பியது. 26 ஆண்டுகளுக்குப் பிறகு செறுதோணியில் அணையின் மதகுகளைத் திறந்தார்கள். மலைகளில் மண் சரிந்தது. 400 பேருக்கு மேல் இறந்தார்கள். 14 லட்சம் பேருக்கு மேல் முகாம்களில் தங்கினார்கள்.

எங்கள் ஊர் இடுக்கி மாவட்டத்தில் இருக்கிறது. அப்போது எனக்கு 19 வயது. பள்ளிக்கூடத்தில் முகாம் போட்டிருந்தார்கள். உதவி செய்யப் போனேன்.

அங்கே ஒரு பாட்டி இருந்தார். வயது 70-க்கு மேல். தேயிலைக் கொழுந்து பறித்துச் சேர்த்த காசில் ஒரு சின்ன வீடு கட்டியிருந்தார். மண் சரிந்ததில் அந்த வீடு போய்விட்டது. மூக்குக் கண்ணாடி, கைத்தடி, ரத்த அழுத்த மாத்திரை எல்லாம் மண்ணோடு போய்விட்டன.

பாட்டி சோறு சாப்பிட்டார். தண்ணீர் மட்டும் குடிக்கவில்லை. ஏன் என்று கேட்டேன்.

“கக்கூசு தூரத்துல இருக்கும்மா. வழியெல்லாம் வழுக்குது. கண்ணும் தெரியல. தண்ணி குடிச்சா போகணும்ல?” என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. பாட்டியைக் கழிப்பறைக்குப் பக்கத்து அறைக்கு மாற்றினோம். வழியில் சாக்கு விரித்தோம். உட்கார்ந்து எழுந்திருக்க ஒரு பெஞ்சு போட்டோம். ஒரு மூங்கில் தடி வெட்டிக் கொடுத்தோம். அதன்பின் தண்ணீர் குடித்தார்.

இனி என் தவறைச் சொல்கிறேன். வீடு இழந்தவர்கள் படிவம் எழுதித் தர வேண்டியிருந்தது. முழுவதும் இடிந்த வீட்டுக்கு 4 லட்சம் ரூபாய் உதவி என்று அரசு அறிவித்தது. பலருக்கு நான்தான் படிவம் எழுதினேன். பாட்டியின் மகனிடம் விவரம் கேட்டேன். மகன் பெயரையே எழுதிவிட்டேன். பாட்டி பக்கத்தில்தான் இருந்தார். அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

“என்னம்மா எழுதியிருக்க? வாசி” என்றார் பாட்டி. வாசித்தேன்.

“வீடு என் பேர்லதானே இருக்கு? நான் செத்தா போயிட்டேன்?” என்றார்.

எனக்குத் தலை குனிந்தது. மகன் நல்லவர்தான். ஆனாலும் வீடு பாட்டியுடையது. பட்டயத்தில் ஒரு பெயர், படிவத்தில் வேறு பெயர் இருந்தால் உதவியும் தடைபடும். வேறு படிவம் வாங்கி எழுதினேன். வரி வரியாக வாசித்துக் காட்டினேன். பாட்டி சரி என்று சொன்ன பிறகுதான் கைநாட்டு வைத்தார்.

பிறகு பணம் தவணைகளாக வந்தது. புது வீடு கட்டும்போதும் பாட்டியிடம் கேட்டார்கள். “படி தாழ்வா இருக்கணும். கக்கூசு வீட்டோட சேர்ந்து இருக்கணும்” என்றார். அப்படியே கட்டினார்கள். இன்று அந்த வீட்டில் குழந்தைகளுக்கும் அது வசதியாக இருக்கிறது.

முதியவர்களுக்கு ஒன்றும் தெரியாது என்று நினைக்க வேண்டாம். அதே 2018 ஆகஸ்டில் கேரளத்தில் எழுத்தறிவுத் தேர்வு நடந்தது. ஆலப்புழை மாவட்டத்தின் கார்த்தியாயினி அம்மாவும் எழுதினார். அவருக்கு வயது 96. வாங்கிய மதிப்பெண் 100-க்கு 98!

நண்பர்களே, வெள்ளமும் புயலும் நிலநடுக்கமும் எந்த ஊருக்கும் வரலாம். அப்போது நாம் என்ன செய்யலாம்?

முதலில், தனியாக இருக்கும் முதியவர்களின் பெயரை இன்றே எழுதி வையுங்கள். அபாய அறிவிப்பு வந்ததும் அவர்களை முன்னதாக அழைத்து வாருங்கள்.

மாத்திரைச் சீட்டு, ஆதார் அட்டை, ரேஷன் அட்டை, வங்கிப் புத்தகம், வீட்டுப் பத்திரம் ஆகியவற்றின் நகல்களைப் பிளாஸ்டிக் பையில் போட்டு வைக்கச் சொல்லுங்கள்.

முகாமில் பழகிய அக்கம்பக்கத்தாரோடு அவர்களைத் தங்க வையுங்கள். காய் நறுக்குவது, பிள்ளைகளைப் பார்ப்பது போல முடிந்த வேலை கொடுங்கள். சும்மா உட்கார்ந்திருந்தால் இழந்ததே நினைவுக்கு வரும்.

முதியவர்கள் உதவிக்கு அழைக்க 14567 என்ற எண் இருக்கிறது. அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

நாம் எழுதப் படிக்கக் கற்றுவிட்டோம். இனி பிறருக்கும் படிவம் எழுதிக் கொடுப்போம். எழுதும் முன் கேளுங்கள். எழுதிய பின் வாசித்துக் காட்டுங்கள்.

அந்தப் பாட்டி பிறகு என் வகுப்புக்கு வந்தார். முதலில் தன் பெயரை எழுதக் கற்றுக்கொண்டார். இப்போது எந்தத் தாளிலும் கைநாட்டு வைப்பதில்லை. முதலில், “வாசி, கேட்கிறேன்” என்கிறார். பிறகுதான் கையெழுத்துப் போடுகிறார்.